பழைய தார் ஜீப்புக்கு வீட்டிலேயே புது சீட்: எதற்குக் காசு போடலாம், எது வீண்

கூரைத் துணியைச் சுருட்டிவிட்டு ஓடுகிற வண்டியில் சீட் மேலிருந்து கிழிவதைவிட உள்ளிருந்து கெட்டுப்போவதுதான் அதிகம். தையல் ஓட்டை வழியே இறங்கிய மழைத்தண்ணீர் ஃபோமுக்குள் தங்கும். நூல் இற்றுப்போகும், அடிக்கம்பி துருப்பிடிக்கும், ஃபோம் பொடியாக உதிரும். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் மேலே ரெக்சின் வாய் பிளக்கும். 2010 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தாரானாலும், மாருதி ஜிப்சியானாலும், அதற்கும் முந்தைய எம்.எம். 540 ஜீப்பானாலும் இதே கதைதான். அதனால் கடையில் கிடைக்கும் உறை, ஃபோம், ரெக்சின், நூல் எல்லாவற்றையும் இங்கே எடைபோடுவது மூன்று கேள்விகளை வைத்து: தண்ணீரை உள்ளே விடுமா, போன தண்ணீர் வெளியே வருமா, வெயில் தாங்குமா? அழகு அதற்கு அப்புறம்.

முதலில் ரெடிமேட் உறை. பழைய சீட்டின் மேலேயே மாட்டி, பின்னால் எலாஸ்டிக்கும் கொக்கியும் போட்டு இழுத்துக் கட்டுகிற வகை. கார்களுக்குச் சரி, திறந்த ஜீப்புக்குச் சுத்தமாக ஆகாது. இரண்டு உறைக்கும் நடுவில் ஈரமும் செம்மண்ணும் மாட்டிக்கொள்ளும். அந்த மண் உப்புத்தாள் வேலை செய்து அடியில் இருக்கும் பழைய ரெக்சினையும் தேய்த்துவிடும். உயரமான வண்டியில் ஏறும்போது ஓட்டுநரின் வலது தொடை சீட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டேதான் ஏறும். நாலு மாதத்தில் உறை அந்தப் பக்கம் நகர்ந்து மடிந்து நிற்கும். நியோப்ரின் என்கிற ரப்பர் துணி உறை மட்டும் இதில் கொஞ்சம் மேல்; இழுபடும், உடலோடு ஒட்டி நிற்கும். ஆனால் நனைந்தால் சீக்கிரம் காயாது. ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண், அதுவும் நியோப்ரினுக்காக.

அடுத்தது, வண்டி மாடலுக்கென்றே தைத்து வரும் உறை. பழையதை உரித்துப் போட்டுவிட்டு ஃபோமின் மேல் நேரடியாக மாட்ட வேண்டும். தைக்கத் தெரியாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. ஒரு சிக்கல் உண்டு. உறை புது ஃபோமின் அளவுக்குத் தைக்கப்பட்டிருக்கும். உங்கள் ஃபோமோ பத்து வருடம் உட்கார்ந்து அமுங்கியது. மாட்டியவுடன் ஓரங்களில் சுருக்கம் விழும், எல்லோரும் தையலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் உறை பெரிதாக இல்லை, ஃபோம் சிறுத்திருக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது உறையின் பின்பக்கம்: பழைய உறையில் கம்பி நுழைந்திருந்த துணிக்குழாய் இதிலும் அதே இடத்தில் இருக்கிறதா? அது இல்லாமல் வெறும் எலாஸ்டிக் மட்டும் இருந்தால், மாடல் பெயர் ஒட்டிய ரெடிமேட் உறைதான் அது.

மூன்றாவது வழி, மீட்டர் கணக்கில் பொருள் வாங்கித் தானே தைப்பது. மிச்சக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

ஃபோமிலிருந்து தொடங்க வேண்டும். பட்ஜெட்டில் கைவைக்கக் கூடாத இடமும் இதுதான். கடையில் 32, 40, 50 என்று சொல்வது ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்கிற அடர்த்தி. உட்காரும் பகுதிக்கு 40க்குக் குறைந்து வாங்க வேண்டாம். முதுகுக்கு 32 போதும். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய அவசியமில்லை, தராசு போதும். 6 அடிக்கு 3 அடி, 2 அங்குல தடிமன் ஷீட் 40 அடர்த்தி என்றால் ஏறக்குறைய 3.4 கிலோ நிற்க வேண்டும். 2.7 கிலோ நின்றால் அது 32. அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அதே 40இல் மெத்தென்றும் வரும், கெட்டியாகவும் வரும், ஜீப்புக்குக் கெட்டி. மெத்தென்ற ஃபோமில் இடுப்பு புதைந்து முன்னால் சரியும், மோதும் நேரத்தில் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். கரடுமுரடான பாதையில் குலுங்கும்போதும் கெட்டி ஃபோம்தான் அடிக்கம்பியில் முட்டாமல் தாங்கும்.

துண்டு ஃபோமை அரைத்து ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோம் மலிவாகக் கிடைக்கும், எடையும் ஏகத்துக்கு நிற்கும். காய்ந்த வண்டியில் அடி அடுக்காகப் போடலாம். நனையும் வண்டியில் அது ஊறி, ஒட்டு விட்டு, கட்டி கட்டியாகப் பிரியும். யோகா பாய் மாதிரி இருக்கும் எக்ஸ்.எல்.பி.இ. ஷீட் தண்ணீர் குடிக்காது, ஆனால் அதிலேயே நேராக உட்கார்ந்தால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்ப்பதே சரி: அடியில் 25 மில்லிமீட்டர் எக்ஸ்.எல்.பி.இ., மேலே 50 மில்லிமீட்டர் 40 அடர்த்தி ஃபோம், அதற்கும் மேலே ரெக்சினோடு சேர்த்துத் தைத்த 10 மில்லிமீட்டர் மெல்லிய ஃபோம். பின் பெஞ்சுக்கு இந்த அடுக்கு அருமையாக அமையும். பழைய தாரில் பின்சீட் எதிரெதிராகப் பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சு என்பதால் வெட்டுவதும் சுலபம், வெறும் செவ்வகம்தான். ஆசையில் உயரத்தைக் கூட்ட வேண்டாம். ஒரு அங்குலம் ஏறினால் தலைக்கும் மேலே உள்ள கம்பிக்கும் நடுவில் அந்த ஒரு அங்குலம் குறையும்.

முன் சீட்டில் முழு ஃபோமையும் மாற்ற வேண்டியதில்லை. அச்சில் வார்த்த பழைய ஃபோமின் வடிவத்தைக் கையால் வெட்டிக் கொண்டுவருவது கஷ்டம். தேய்ந்த இடம் பெரும்பாலும் ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்புதான். அமுங்கிய பகுதியைக் கூர்மையான நீளக் கத்தியால் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்து, அதைவிட 5 மில்லிமீட்டர் பெரிய கெட்டி ஃபோம் துண்டை ஒட்டி, காய்ந்ததும் 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து உருவம் கொண்டுவர வேண்டும். இடது விளிம்பின் வடிவத்தை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டால் வலதுக்கு அதையே திருப்பிப் பிடித்துச் சரிபார்க்கலாம். ஃபோமின் அடியில் ஸ்பிரிங் பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் அங்கே கெட்டியான ஃபெல்ட் துணி ஒன்றை ஒட்டவும். சாக்குத்துணியும் வேலை செய்யும், ஆனால் நனைந்தால் நாறும்.

இனி மேல்தோல். பி.யூ. லெதர் என்று பளபளவென்று காட்டும் செயற்கைத் தோலைத் திறந்த வண்டிக்கு வாங்கவே வேண்டாம். அதன் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் சில வருடத்தில் வெயிலில் காய்ந்த சுவர்ப் பூச்சு போலச் செதில் செதிலாக உரியும். உரியத் தொடங்கினால் ஒட்ட வைக்க வழியில்லை. அசல் தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும். சென்னை பெரியமேட்டுக் கடைகளில் கிடைக்கும் நல்ல தோலைக் கூரையுள்ள வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். முரட்டுக் கேன்வாஸ் உட்கார இதம், தொடை ஒட்டாது. ஆஸ்திரேலியாவில் பண்ணை வண்டிகளுக்கு அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். ஆனால் பருத்திக் கேன்வாஸ் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிட வேண்டும். நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பதும் நிச்சயம்.

எஞ்சுவது பழைய பி.வி.சி. ரெக்சின்தான், அதைச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். தடிமன் 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். வாங்கும் முன் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பனியன் துணி மாதிரிப் பின்னல் இருந்தால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் இழுபடும், வளைவுகளில் படியும். காடாத்துணி மாதிரி நெய்த பின்பக்கம் என்றால் இழுபடாது; பெஞ்சுக்கு அது போதும், முன் சீட்டின் வளைவுக்கு ஆகாது. ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்திப் பார்த்தால் மலிவு ரெக்சினில் மடிப்புக்கோடு வெள்ளையாக நிற்கும், அது வெயிலில் வெடிக்கும். மூக்கைத் துளைக்கும் வாசனையும் நல்ல அறிகுறியல்ல. ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் ஆவியாகி வெளியேறுவதால்தான் அது நாளடைவில் விறைக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் படியும் பிசுக்கில் அதற்கும் பங்குண்டு.

சோபாவுக்கு விற்கும் ரெக்சினை வண்டிக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்குத் தீ ஒன்றே பதில். அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 விதிப்படி வண்டிக்குள் வரும் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 15061. சோபா ரெக்சினுக்கு இந்தச் சோதனை நடந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்கும் இடத்தில் வண்டிக்கான தரமா என்று கேட்டு, ஒரு கீற்றைக் கேட்டு வாங்கி, திறந்தவெளியில் இடுக்கியால் படுக்கையாகப் பிடித்துக் கொளுத்திப் பார்க்கவும். விறுவிறுவென்று ஓடி எரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

அளவு: 54 அங்குல அகல ரெக்சின், முன் சீட் இரண்டுக்கு மூன்றரை மீட்டர். பின் பெஞ்சுகளும் முதுகும் சேர்ந்தால் ஆறு மீட்டர். இதில் சேதாரமும் அடங்கும். கூடவே 10 மில்லிமீட்டர் தையல் ஃபோம் இரண்டு மீட்டர், நூல் ஒரு கோன், ஹாக் ரிங் என்று விற்கும் சி வடிவக் கம்பி வளையம் 150, அதை நெரிக்கும் பிளையர், ரப்பர் பசை அரை லிட்டர்.

நூலில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம், ஆனால் வெயில் முதலில் தின்பது நூலைத்தான். பருத்தி நூல் ஒரு மழைக்காலத்துக்கு மேல் வராது. நைலான் பலமாக இருக்கும், வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் தளரும். பாண்டட் (இழை பிரியாமல் பூச்சுக் கொடுத்த) பாலியஸ்டர், டிக்கெட் 40: வீட்டுத் தையல் மெஷினில் ஓட்ட முடிகிற நூல்களில் இதுதான் சரி. டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிக்கும். டிக்கெட் 20 இன்னும் பலம், அதற்குத் தொழிற்சாலை மெஷின் வேண்டும்.

வீட்டு மெஷினால் முடியுமா? இரண்டு மடிப்பு ரெக்சினும் இரண்டு மடிப்பு மெல்லிய ஃபோமும் என்றால் பழைய இரும்பு உடம்பு உஷாவோ சிங்கரோ 18 நம்பர் ஊசியில் இழுக்கும். பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள புது மெஷினைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மூன்று நான்கு மடிப்பு சேரும் மூலைகளில் மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். ரெக்சின் அழுத்தும் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது எல்லோருக்கும் வரும் தொல்லை. டெஃப்லான் ஃபுட் மாட்டினால் தீரும், கிடைக்காவிட்டால் ஃபுட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டலாம். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சட்டைக்குத் தைப்பதுபோல நெருக்கமாக ஓட்டினால் ஊசி ஓட்டைகள் வரிசைகட்டி நின்று, ஆள் உட்கார்ந்ததும் அந்தக் கோட்டிலேயே கிழியும். வீட்டில் தைத்த சீட் முதல் வருடத்திலேயே பிரிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேலைக்குள் போகலாம். முதல் காரியம், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. சீட்டின் அடியில் பெல்ட் சுவிட்ச் ஒயர் இருந்தால் அதைப் பிரித்துவிட்டு போல்ட்டுகளைக் கழற்றவும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல்நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் ஸ்பேனர் வழுக்காது. புதிய கார்களில் முதுகின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று முத்திரை இருக்கும். அந்த சீட்டின் தையலில் வீட்டில் கைவைக்கவே கூடாது. பலூன் வெடித்து வெளியேற வேண்டிய தையலுக்குத் தனி நூல், தனிக் கணக்கு.

பழைய உறையைக் கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளவும், குறிப்பாகக் கம்பி எந்தப் பள்ளத்தில் எந்தத் திசையில் போகிறது என்பதை. வளையங்களை வெட்டி உறையை உரித்ததும் அதிலுள்ள கம்பிகளைத் தூக்கி எறிய வேண்டாம், புது உறைக்கு அவைதான் வரும். தையலைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண், மேல்-கீழ் அம்புக்குறி, 5 சென்டிமீட்டருக்கு ஒரு பென் கோடு. அந்தக் கோடு இரண்டு துண்டையும் தாண்டி இழுபட வேண்டும், அப்போதுதான் தைக்கும்போது எது எதோடு சேரும் என்று தெரியும். ஒரு சீட்டின் உறையை மட்டும் பிரித்து, மற்றதை அப்படியே மாதிரிக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிரித்த துண்டுகளை நேராக ரெக்சினில் வைத்து வெட்டினால் கோணலும் சேர்ந்து வரும். உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் இழுபட்டிருக்கும் அவை. நடுக்கோட்டில் மடித்துப் பார்த்து, இழுபடாத பக்கத்தை அளவாக எடுத்து அட்டையில் வரைய வேண்டும். தையலுக்குச் சுற்றிலும் 12 மில்லிமீட்டர் விடவும். முதலில் பழைய போர்வையில் வெட்டித் தைத்து மாட்டிப் பார்ப்பது சோம்பலாகத் தோன்றும். ஆனால் ரெக்சினில் போட்ட ஊசி ஓட்டை மறையாது, பிரித்துத் தைக்கும் சலுகை அதில் கிடையாது. அதே காரணத்தால் குண்டூசி குத்தக் கூடாது. கிளிப் போட வேண்டும்.

பைப்பிங், அதாவது ஓரத் தையலில் கயிறு வைத்துத் தைக்கும் உருண்டைக் கரை, வைக்கலாமா? பார்க்க நன்றாக இருக்கும். முதலில் தேய்வதும் அதுதான், உள்ளே பருத்திக் கயிறு இருந்தால் அது திரி மாதிரித் தண்ணீரை உறிஞ்சித் தையல் முழுக்கக் கொண்டுபோகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் கயிறு. இப்போது எல்லாக் கடையிலும் தலையில் கட்டும் டைமண்ட் தையலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: உட்காரும் இடத்தின் நட்டநடுவில் ஆயிரக்கணக்கான ஓட்டை. திறந்த ஜீப்புக்கு அதைவிட மோசமான யோசனை இல்லை. உட்காரும் பகுதி ஒரே துண்டாக இருக்கட்டும், தையல்கள் ஓரத்துக்குப் போகட்டும். ஓரத் தையலுக்கும் உள்பக்கம் பசையைப் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால் ஓட்டைகள் அடையும்.

உறை தயாரானதும் அடிச்சட்டத்தைக் கவனிக்காமல் மாட்ட வேண்டாம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, ஒருநாள் காயவிடவும். பற்றவைத்த இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். இருந்தால் தையலை ஓரங்கட்டிவிட்டு வெல்டரிடம் போகவும்.

மாட்டுவதில் தந்திரம் ஒன்றே, சூடு. உறையை ஒரு மணிநேரம் வெயிலில் விரித்துப் போட்டால் ரெக்சின் இளகும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட் கன் தேவையே இல்லை. மழைக்காலம் என்றால் ஹேர் டிரையர். ஹீட் கன்தான் கையில் இருக்கிறதென்றால் குறைந்த சூட்டில் வைத்து ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் வழவழவென்று மினுங்கும். ஃபோமின் மேல் மெல்லிய பாலித்தீன் தாள் சுற்றினால் உறை வழுக்கி இறங்கும். உறையை உள்வெளியாகத் திருப்பி, நடுப்பள்ளத்தில் முதல் கம்பியைப் பொருத்தி, நடுவிலிருந்து இரு பக்கமும் 6 சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் சுருக்கம் குவியும். வளையப் பிளையர் கிடைக்காத ஊரில் கேபிள் டை போடலாம், தலைப்பகுதி ஃபோமுக்குள் குத்தாமல் கீழ்ப்பக்கம் திரும்பியிருந்தால் சரி.

ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அழுத்த வேண்டும். ஃபோமோடு ஃபோம் ஒட்ட இது பிரமாதம். ஆனால் ரெக்சினை இழுத்துப் பிடிக்கும் வேலையை இதை நம்பிக் கொடுக்கக் கூடாது. மூடிய வண்டியின் சூட்டிலும், ரெக்சினிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருளிலும் ஒட்டு இளகி விட்டுவிடும். இழுவிசை வளையத்துக்கு, பசை இடம் நகராமல் இருக்க மட்டும். கதவு ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்பு அருகில் இல்லாமல் செய்யவும். அதன் ஆவி தீப்பிடிக்கும்.

பின் பெஞ்சுக்குப் பலகை மாற்றுவதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 12 மில்லிமீட்டர். சாதாரண பிளைவுட் ஒரே மழையில் உப்பிப் பிரியும். மரைன் பலகையில் 12 மில்லிமீட்டர் ஓட்டை நாலு போட்டால் தண்ணீர் இறங்கும். எல்லோரும் ரெக்சினை அடியில் மடித்து ஸ்டேப்பிள் அடிக்கிறார்கள். அடிப்பதானால் எவர்சில்வர் ஸ்டேப்பிள், 2 சென்டிமீட்டர் இடைவெளி, நடுவில் தொடங்கி எதிர்ப்பக்கம் மாற்றி மாற்றி, மூலை கடைசியில். அதைவிட நல்லது பெஞ்சு உறையைத் தலையணை உறை மாதிரித் தைத்து, பின்பக்கம் முழு நீளத்துக்கு 10 நம்பர் நைலான் ஜிப் வைப்பது. மழையில் நனைந்தால் ஜிப்பைத் திறந்து ஃபோமை உருவி நிழலில் நிறுத்திக் காயவைக்கலாம், பலகையைத் தொடவே வேண்டாம். உலோக ஜிப் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் இறுகிவிடும்.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்குக் கடை இருக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க இந்த வேலைதான். எல்லா ஊரிலும் இரண்டு மூன்று சீட் டெய்லர்கள் உண்டு. கைநேர்த்தியில் வீட்டு வேலை அவர்களுக்கு இணையாகாது. ஆனால் வேகத்துக்காகப் பழைய உறையை உரிக்காமல் அதன் மேலேயே புதிதை இழுத்து மாட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது, நனையும் வண்டிக்கு அது விஷம். முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: பழைய உறையைக் கழற்றுவீர்களா, உட்காரும் இடத்துக்கு எந்த அடர்த்தி ஃபோம், நூல் பாலியஸ்டரா, பழைய கம்பியைத் திரும்பப் போடுவீர்களா? நாலுக்கும் நேராகப் பதில் வந்தால் அங்கே விடலாம். ஃபோம் வேலையை வீட்டில் முடித்துவிட்டு, தையலை மட்டும் டெய்லரிடம் கொடுப்பது இன்னும் நல்ல ஏற்பாடு. பெரும்பாலான தார்க்காரர்களுக்கு இதையே சொல்வோம்.

சீட்டைத் திரும்ப மாட்டும்போது போல்ட் நான்கையும் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, தண்டவாளம் இரண்டும் ஒன்றாக ஓடுகிறதா என்று உறுதிசெய்த பிறகே இறுக்கவும். பெல்ட் போல்ட்டை மட்டும் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும், கைப்பழக்கத்துக்கு விடக் கூடாது. முதல் நூறு கிலோமீட்டர் கரடுமுரடுப் பாதைக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பார்க்கவும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், பெட்ரோல் இரண்டும் ரெக்சினை விறைக்க வைக்கும். சிலிக்கான் பாலிஷ் போட்டால் ஏற்றத்தில் ஆள் சீட்டிலிருந்து வழுக்குவார்.